தலைக்கு ஒரு கையெழுத்து

“இந்தத் தலையை வெச்சுக்கிட்டு நீங்க இனிமே கூண்டுக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது,” என்றார் டாக்டரம்மா.

சம்மட்டி சிரித்தான். சுவரொட்டிகளில் அவனுக்கு அதுதான் பெயர். பதினைந்து வருஷமாகக் கூண்டுச் சண்டையே பிழைப்பு. குத்து, உதை, மல்லுக்கட்டு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. பாதிச் சண்டையில் ஜெயித்து, மீதியில் தோற்று, முப்பத்தாறு வயதில் ஒருவழியாகப் பட்டத்துக்கான சண்டை கிடைத்திருந்தது. இன்னும் மூன்றே வாரம். இதை விட்டால் இந்த வயதுக்காரனை யார் திரும்பக் கூப்பிடப் போகிறார்கள்? எடைப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டன. பாக்கி இருந்தது போட்டி நடத்தும் சங்கத்து டாக்டரான இவருடைய கையெழுத்து ஒன்றுதான். மூளை ஸ்கேன் நல்லபடியாகத்தான் வரும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான். அதனால் டாக்டரம்மா விளையாடுகிறார் என்றே நினைத்தான்.

அவர் விளையாடவில்லை. கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினார். பூசணிக்காயைக் குறுக்கே அரிந்து வரிசையாக அடுக்கியது போலப் படங்கள். பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இங்கே பழைய ரத்தக்கசிவின் தடங்கள். இங்கே நடுவில் முழுசாக இருக்க வேண்டிய சவ்வு கிழிந்திருக்கிறது. இந்த ஓரத்தில் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெல்லியதாக ரத்தம் தேங்கி நிற்கிறது, அது புதுசு. சாதாரண மனுஷன் தலையில் இதெல்லாம் இருக்காது, வருஷக்கணக்காக அடி வாங்கிய தலையில்தான் இருக்கும் என்றார்.

சம்மட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. “படம் மாறிப்போயிருக்கும் டாக்டர். வேற யாரோடதோ வந்திருக்கும்.”

டாக்டரம்மா படத்தின் மூலையில் இருந்த போட்டி உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் வாய்விட்டுப் படித்தார். எல்லாம் அவனுடையவைதான். அதோடு விடாமல் ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போன் போட்டும் கேட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் முதல் ஆளாக எடுத்தது, அந்த நேரத்தில் வேறு யாருமே வரவில்லை, மாற வழியில்லை என்றார்கள்.

சம்மட்டி திரைக்குக் கிட்டே குனிந்து, அந்தப் புது ரத்தத்தை மறுபடியும் பார்த்தான்.

“போட்டியில அடி வாங்கினாத்தானே டாக்டர் இப்படி வரும்?”

“போட்டி வருஷத்துக்கு ரெண்டு நாளோ மூணு நாளோ. பயிற்சி தினமும்தானே? நான் பார்த்ததுல பாதித் தலை பயிற்சியிலேயே வீணாப்போனதுதான். மயங்கி விழணும்னு அவசியமே இல்லை. சின்னச் சின்ன அடிதான், தினமும் விழுந்தாப் போதும்.”

காலையில் தலைவலி உண்டா என்று கேட்டார். உண்டு, ஒரு வருஷமாகவே. வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை, மாத்திரையோடு சரி. மறதி உண்டா என்று கேட்டார். போன மாதம், தினமும் போகிற ஜிம்முக்கே வழி தெரியாமல் நாற்சந்தியில் அரை மணி நேரம் நின்ற கதையைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்தது. சம்மட்டியும் சேர்ந்து சிரித்தான். இப்போது அதை டாக்டரம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் உடைந்துவிட்டது.

அவர் எழுதுவதை நிறுத்தினார். சண்டையை மறந்துவிடச் சொன்னார். தேங்கிய ரத்தத்தை உடனே எடுத்தாக வேண்டும், இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், இனி லேசாக ஒரு அடி பட்டாலும் உயிருக்கே ஆபத்து என்றார்.

“இன்னிக்குக் காலையில பயிற்சியில...” சம்மட்டி தன் முஷ்டியைக் குனிந்து பார்த்தான். “காதுக்கு மேல ஒரு குத்து நல்லா விழுந்துருச்சு டாக்டர்.”

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எழுந்த வேகத்தில் கோபமும் வந்தது. “எதிரே நின்னது யாரு? அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது அறிவு வேண்டாமா?”

பட்டம், மூன்று வாரம், கையெழுத்து எதுவும் அவன் மண்டையில் இல்லை. அவர் உட்காரச் சொல்லிக் கத்துவதைக் காதில் வாங்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு நடைக்கூடத்துக்கு ஓடினான்.

வெளியே பெஞ்சில், பயிற்சிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் தம்பி உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருஷமாக அண்ணனுக்குப் பயிற்சி ஆள் அவன்தான். அண்ணன் கைக்கு வேகம் வரவேண்டும் என்பதற்காகவே தினமும் எதிரே நின்று கொடுப்பவன். திருப்பி அடித்ததில்லை, போட்டி என்று ஒன்றில்கூட ஏறியதும் இல்லை. அண்ணன் ஓடி வருவதைப் பார்த்து, சந்தோஷத்தில்தான் ஓடி வருகிறான் என்று நினைத்து எழுந்தான். எழும்போது கால் பின்னியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினான்.

“என்னண்ணா, உன் பேரைச் சொல்லிக்கிட்டுப் போய் ஸ்கேன்ல படுத்தேனே, என் தலை பாஸாயிடுச்சா?”

போன சண்டையிலிருந்து எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்ததால், தன் தலையை நம்பாமல்தான் சம்மட்டி தம்பியை அனுப்பியிருந்தான். போட்டியே போடாத தலைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தவனுக்கு, அந்தத் தலையைத் தினமும் காலையில் குத்திக்கொண்டிருந்தது தான்தான் என்பது மட்டும் தோன்றவே இல்லை.