சுபர்ணாவின் எண்

சானுகாஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பம்ப்பின் முள் நூற்று ஐம்பதில்தான் நின்றது.

சைக்கிளின் மேல் ஹெல்மெட்டும் பையுமாக, ஒரு கையைச் சுவரில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள் சுபர்ணா. அசைந்தால் எண் போய்விடுமோ என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சா அண்ணே?"

அவர் முள்ளை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மலைக்குப் போகிற கோலத்திலேயே ஆள் வண்டியில் ஏறி உட்கார வேண்டும். பின்பக்க ஷாக் அப்சார்பர் சரியாகக் கால்வாசி அழுந்த வேண்டும். அதற்கு எத்தனை பவுண்டு காற்று பிடிக்கிறதோ அதுதான் அவருடைய எண். ஆள் பெருத்தால் எண் ஏறும், இளைத்தால் இறங்கும். லலித்பூரில் மலைச் சைக்கிள் ஓட்டுகிற அத்தனை பேரின் எண்களும் சானுகாஜியின் கடைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும்.

சுபர்ணாவின் எண் மூன்று வருஷமாக 150.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காசநோய் வந்தது. 150 என்பது 118 ஆனது.

ஆறு மாதம் மாத்திரை ஓடியது. டாக்டர் போதும், இனி வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். சானுகாஜி சொல்லவில்லை. பழைய எண் வருகிற வரைக்கும் வண்டி தன்னிடம்தான் இருக்கும் என்று சங்கிலி போட்டுப் பூட்டி வைத்துவிட்டார். பிரியத்தில் செய்ததுதான். ஆனாலும் மனிதர் பிடித்தால் உடும்புப் பிடி.

அவளும் முட்டை, நெய், எருமைக்கறி என்று ஒன்று விடாமல் தின்று பார்த்தாள். எண் ஏறி ஏறி 141-க்கு வந்து நின்றது. அப்புறம் நகரவில்லை. ஐந்து சனிக்கிழமை வந்து ஏறினாள், ஐந்து சனிக்கிழமையும் அதே 141. சைக்கிள் கூட்டம் புல்சோக்கி மலைக்குக் கிளம்பிப் போக, கடை வாசலில் நின்று கையாட்டினாள். போன வாரம் கையாட்டவும் இல்லை, அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இந்தச் சனிக்கிழமையையும் விட்டால் மலையில் லாலிகுராஸ் பூ உதிர்ந்துவிடும். பிறகு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

இப்போது நூற்று ஐம்பது.

ஒரே வாரத்தில் ஒன்பது பவுண்டா? தசைன் பண்டிகைக்கு வளர்க்கிற ஆடுகூட அப்படிப் பெருக்காது.

"ஷாக்குல ஏதோ கோளாறுண்ணே. இதோட மல்லுக்கட்டாதீங்க, புதுசு ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க" என்றான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லோகேந்திரா. அவனுக்கு எல்லா வியாதிக்கும் அது ஒன்றுதான் மருந்து.

சானுகாஜி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பையைக் கழட்டு. கல்லு கில்லு போட்டு வெச்சிருக்கியா?"

சுபர்ணாவின் முகம் சுண்டிப்போனது. "சத்தியமா இல்லண்ணே. இங்க ஆணியில தொங்குச்சு, பழக்கதோஷத்துல எடுத்து மாட்டிக்கிட்டேன்."

அவர் பையை வாங்கினார். கனத்தது. ஜிப்பைத் திறந்தார்.

இரண்டு டியூப். காற்றடிக்கும் பம்ப். சங்கிலி கழற்றும் கருவி. ஸ்பேனர் பெட்டி. முதலுதவி டப்பா. அடியில் அவருடைய சொந்த டீ ஃபிளாஸ்க்.

கூட்டத்துக்கே பொதுவான பை. யார் வண்டி வழியில் படுத்தாலும் இதைத்தான் திறப்பார்கள். மூன்று வருஷமாக அதை முதுகில் சுமந்தவள் சுபர்ணா. அந்த 150 அந்தப் பையோடு எடுத்தது. இந்த ஐந்து சனிக்கிழமையும் அவளை வெறும் முதுகோடுதான் அளந்திருக்கிறார்.

ஜிப்பை மெல்ல இழுத்து மூடினார். கண் தானாகச் சுவருக்குப் போனது.

அவளுடைய வரிக்குக் கீழே அவருடைய வரி. வருஷக்கணக்காக 172. போன மழைக்காலத்திலிருந்து 181.

அந்த 181-ஐ வைத்து இந்தப் பயல்கள் அவரை ஓட்டியது கொஞ்சமா? தொப்பைக்கு ஒரு தனி ஷாக் வாங்கச் சொன்னவன் இந்த லோகேந்திராதான். எட்டு மாதமாக எதிர்க்கடைத் திலமாயாவின் பொரித்த மோமோவை அவர் கையால் தொடவில்லை. வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை பார்த்தார். அப்படியும் எண் இம்மியும் இறங்கவில்லை.

சுபர்ணா படுத்த நாளிலிருந்து பையைச் சுமப்பவர் அவர்தான்.

சானுகாஜி வயிற்றைத் தடவிப் பார்த்தார். அது எப்போதும் போலத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ஐந்து சனிக்கிழமையும் சேர்ந்து தலையில் விடியும். வாயை மூடிக்கொண்டு பென்சிலை எடுத்தார். 141-ஐ அழித்துவிட்டு 150 என்று அழுத்தி எழுதினார்.

கடையே கைதட்டியது. சுபர்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவரும் சந்தோஷமாகத் தெருப்பக்கம் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"திலமாயா, ஒரு பிளேட் மோமோ. பொரிச்சது!"

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு மாத விரதம்.

பையை மறுபடி முதுகில் மாட்டப்போன சுபர்ணா நின்றாள். பையைப் பார்த்தாள். சுவரில் 181-ஐப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

சானுகாஜி அவசரமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அக்கா, ஒண்ணு இல்ல, அஞ்சு பிளேட்டாப் போடுங்க" என்று அவள் தெருவைப் பார்த்துக் கத்தினாள். "அஞ்சும் எனக்குத்தான். அண்ணன் வாங்கித் தர்றாரு, ஒரு சனிக்கிழமைக்கு ஒண்ணு!"