பொய்த்த வசனம்

“பொய்! பச்சைப் பொய்!”

‘ஆண்டவர் கொடுத்த வாக்கு ஒருநாளும் தவறாது’ என்று பாஸ்டர் சொல்லி வாய் மூடவில்லை. கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டாள்.

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பேக்கரி அக்கா. ரொட்டிக் கம்பெனியில் பாக்கெட் போடுகிறவள். ஆறு வாரத்துக்கு முன்னால், லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்த ஒரே மகனைப் புதைத்தவள்.

சபை மூப்பர் ஓடி வந்து தோளைத் தொட்டார். “உட்காருங்கக்கா. ஆராதனை நடக்குது.”

“கையை எடுங்க! நல்லா நடக்கட்டும். எனக்குப் பதில் சொல்லிட்டு நடக்கட்டும்.”

நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து மேடைக்கு முன்னால் போய் நின்றாள். 

“பாஸ்டர், பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க. பத்தொன்பது நாளும் ஒரே பைபிள் வசனம். ‘சாவாமல் பிழைத்திருப்பேன்’னு. வாசிச்சீங்களா, இல்லையா?”

“வாசிச்சேன்க்கா.”

“டாக்டர் கையை விரிச்சாரு. ரத்தம் கெட்டுப்போச்சு, ஒரு மாசம் தாங்காதுன்னாரு. அவரை நான் நம்பலை. உங்களை நம்பினேன். நீங்க வாசிச்ச தைரியத்துலதான் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டேன். ராத்திரி கண்ணை மூடினேன்.”

பல்லைக் கடித்து அழுகையை விழுங்கினாள். அழுவதற்காக வரவில்லை அவள், கேட்க வந்திருந்தாள்.

“அந்த வெள்ளிக்கிழமை காலையில, ‘நீ வேலைக்குப் போம்மா, சாயங்காலம் வா’ன்னான். நீங்களும் பக்கத்துல நின்னு தலையை ஆட்டினீங்க. வசனம் இருக்கே, என்ன ஆயிடப்போகுதுன்னு போனேன். பதினொரு மணிக்கு போன் வருது. பெத்தவ பக்கத்துல இல்லாம போயிட்டான் பாஸ்டர், என் புள்ளை!”

“ஆண்டவர் வீட்டுல நின்னுக்கிட்டு இப்படியா கத்துறது?” முன்வரிசையில் ஒரு அம்மாள் முணுமுணுத்தாள்.

பேக்கரி அக்கா சட்டென்று திரும்பினாள். “உங்க புள்ளை உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கான்ல? அப்ப வாயை மூடிக்கிட்டு இருங்க.”

அந்த அம்மாள் மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மூப்பர் விடவில்லை. “கொஞ்சம் பொறுமையா இருங்கக்கா. நமக்கு விசுவாசம் குறையுறப்போ...”

“யாருக்குக் குறைஞ்சுது? எனக்கா? அவன் திரும்பி வேலைக்குப் போகணும்னு புது ஷூ வாங்கிக் கட்டிலுக்கு அடியில வெச்சேன். இதுக்கு மேல எப்படி விசுவாசிக்கணும், சொல்லுங்க!”

மூப்பர் பின்வாங்கினார்.

“பாஸ்டர், ஆண்டவர் பொய் சொன்னாரா, நீங்க பொய் சொன்னீங்களா? ரெண்டுல ஒண்ணு இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும்.”

பாஸ்டர் மைக்கை அணைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால், உதட்டில் ஒரு சிரிப்பு.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என் வயிறு எரியுது, உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?”

“ஆறு வாரமா உங்க வீட்டுக்கு வந்தேன்க்கா. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீங்க. உங்க தங்கச்சி ஊட்டினாலும் தொண்டையில எறங்கலை. திரும்பிப் போற வழியெல்லாம், உங்களையும் இழந்துடுவோமோன்னு எனக்கு பயம்.”

“பேச்சை மாத்தாதீங்க!”

“மாத்தலை. அந்த வசனத்தைத் தேடி எடுத்துக் கொடுத்ததே உங்க மகன்தான். டாக்டர்கிட்ட முதல் நாளே எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டான். ‘நான் போயிடுவேன் பாஸ்டர். இதை எனக்காக வாசிக்காதீங்க, அம்மாவுக்காக வாசிங்க. எனக்கப்புறம் அவங்க பிழைச்சிருக்கணும்’னான். வெள்ளிக்கிழமை அவன் கையை நான்தான் பிடிச்சிருந்தேன்.”

அவளுக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? ஆறு வாரமா உங்களைச் சபிச்சுக்கிட்டுக் கிடந்தேனே!”

“சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்க்கா. ‘அம்மா அழுதா சொல்லாதீங்க. ஒருநாள் எழுந்து, தலை சீவிக்கிட்டு, உங்ககிட்ட சண்டைக்கு வருவாங்க பாருங்க, அன்னைக்குச் சொல்லுங்க. அன்னைக்குத்தான் அந்த வசனம் நிறைவேறுது’ன்னான்.”