மைக்கைப் பறிக்காதேங்கோ

“வேணுகாவைப் பொம்பிளை எண்டு நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அதைச் சொன்னால் என்னை மறியல் கம்பிக்குள்ள போடுவியளோ?”

மேடையில் நின்று ராசா அண்ணை இப்படிக் கேட்டதும் பேர்ண் நகரத் தமிழ் மன்ற மண்டபம் இரண்டுபட்டது. பாதிப் பேர் கைதட்டினார்கள். மற்றப் பாதி “இறங்கு, இறங்கு” என்று கத்தியது.

மூன்றாவது வரிசையில் வேணுகா அசையாமல் இருந்தாள். வேலை முடிந்து ட்ராம் ஓட்டுநர் சீருடையோடு நேரே வந்திருந்தாள். பத்திரங்களில் ஆண் என்றிருந்ததை மாற்றி, பெண்ணாக அவள் வாழத் தொடங்கி ஆறு வருடம்.

அன்றைய விவாதமே அவளைப் போன்றவர்களைப் பற்றியதுதான். இனம், மதம், பாலின ஈர்ப்பு என்று எதைச் சொல்லி வெறுப்பைத் தூண்டினாலும் சுவிஸில் தண்டனை உண்டு. பாலின அடையாளம் மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. அதையும் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம் என்று பேச வந்தவர் ராசா அண்ணை. வேண்டும் என்று உருக்கமாகப் பேசி முடித்திருந்தவர் மன்றத் தலைவர் சச்சிதானந்தன்.

வேணுகாவுக்கு ராசா அண்ணையின் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. காரணம் இருந்தது. சித்திரை வருடப்பிறப்பு விழா முடிந்து வெளியே வரும்போது, காது கூசும் வார்த்தையால் அவளை ஏசி, முகத்தில் துப்பினவன் மதுஷன். ராசா அண்ணையின் அக்கா மகன்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தாள். மதுஷன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். “கண்ட ஆக்கள் இருக்கினமோ?” என்று பொலிஸ் கேட்டது. வாசலில் சனம் நிறைய நின்றது. ஆனால் அந்த இருட்டில் அவளுக்கு அடையாளம் தெரிந்தது சச்சிதானந்தனை மட்டும்தான். அவருடைய பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

‘மருமகன் முகத்தில துப்பினான். மாமன் மைக்கில துப்புறார்’ என்று நினைத்துக்கொண்டாள்.

“இந்த மாதிரிக் கதைக்கு எங்கட மண்டபத்தில இடமில்லை!” சச்சிதானந்தன் எழுந்து கையை உயர்த்தினார். “மைக்கை வாங்குங்கோ!”

நாலு பேர் மேடைக்குப் பாய்ந்தார்கள்.

“மைக்கைப் பறிக்காதேங்கோ!”

எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து நின்றது வேணுகா.

“அவர் நினைக்கிறதை அவர் சொல்லட்டும். எனக்கும் வாய் இருக்கு, நான் பதில் சொல்லுவன். ஆனா முகத்தில துப்பினால் என்ன பதில் சொல்லுறது? திருப்பித் துப்பவோ?”

மேடைப் பக்கம் திரும்பினாள்.

“ராசா அண்ணை, நீங்கள் கதைக்கிறதைப் பாத்து எனக்குப் பயமில்லை. அண்டைக்கு வாசலில நடந்ததைக் கண்ட ஆக்கள் இப்பவும் இந்த மண்டபத்துக்குள்ளதான் இருக்கினம். ரெண்டு மாசமாக் கதைக்காமல் இருக்கினமே, அதுதான் அண்ணை எனக்குப் பயம்.”

முதலில் ஒருவர் தட்டினார். பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம். சற்று முன் ராசா அண்ணைக்குத் தட்டியவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். ராசா அண்ணை மைக்கை மேசையில் வைத்தார். இறங்கிப் போய்விட்டார்.

சச்சிதானந்தன் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார். “நான் எப்பவும் உன்ரை பக்கம், பிள்ளை!” பத்துப் போன்கள் படம் எடுத்தன.

செப்டம்பரில் கடிதம் வந்தது. மதுஷன் குற்றவாளி. அபராதம் கட்ட வேண்டும், குற்றப் பதிவிலும் ஏறும்.

ட்ராம் பணிமனையின் ஓய்வறையில் வேணுகா அதை இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் சத்தமாக வாசித்தாள். கூட வேலை செய்கிறவர்கள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஒருத்தி கட்டிப் பிடித்துக் கொண்டாள். இத்தனை வருடமாய் நிமிராத முதுகு அன்று நிமிர்ந்ததுபோல் இருந்தது வேணுகாவுக்கு.

உடனே சச்சிதானந்தனுக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, வெண்டிட்டம்! சாட்சி தெளிவாச் சொன்னபடியாலதானாம். உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டே தெரியேல்லை.”

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

“அதுக்கென்ன பிள்ளை,” என்றார் சச்சிதானந்தன். “என்ரை கடமைதானே.”

மறுநாள் வழக்கறிஞர் சுமித்ராவின் அலுவலகத்துக்கு இனிப்போடு போனாள். சுமித்ரா வழக்குக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“சச்சிதானந்தன் அண்ணை இல்லாட்டி நான் தோத்திருப்பன், சுமித்ரா.”

சுமித்ரா நிமிர்ந்து பார்த்தாள். “ஆர், சச்சிதானந்தனோ? விவாதத்துக்கு ஒரு கிழமை முன்னமே அவரைக் கூப்பிட்டு விசாரிச்சிருக்கினம். ‘போன் கதைச்சுக்கொண்டு நிண்டனான், ஒண்டும் காணேல்லை’ எண்டு சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.”

வேணுகா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். “அப்ப… சாட்சி சொன்னது ஆர்?”

“விவாதம் நடந்ததுக்கு அடுத்தநாள் காலமை, ஒருத்தரும் கூப்பிடாமல் தானாப் போயிருக்கிறார் ஒருத்தர்.”

சுமித்ரா பக்கத்தைத் திருப்பி, ஜெர்மனில் இருந்ததைத் தமிழில் மெல்ல வாசித்தாள்.

“‘வாசலில நிப்பாட்டின என்ரை வாகனத்துக்குள்ள இருந்து முழுக்கக் கண்டனான். ரெண்டு மாசம் சொல்லாமல் இருந்தது என்ரை பிழை. மேடையில சொன்ன கருத்தை நான் இப்பவும் மாத்தேல்லை. ஆனா அந்தப் பிள்ளை சொன்னது அவ்வளவும் உண்மை. துப்பினவன் என்ரை அக்காவின்ரை மகன், நான் தூக்கி வளத்தவன். எழுதிக்கொள்ளுங்கோ, என்ரை பேர் ராசா.’”