அறைக்கு ஒரு கல்

வட்டகொடையிலிருந்து ரயிலேறி வந்த சிவகாமசுந்தரி, புது வீடு முழுவதற்கும் தரைக்கல் வேண்டும் என்றதும் அட்டன் நகரத்துக் கல் கடைக்காரர் தம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இந்தப் பளபளப்பான பீங்கான் கல்லு செவத்துக்குங்கம்மா. தரைக்கு இந்தச் செவப்பு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கல்லையும் மிதித்துப் பார்த்தாள்.

"கூடத்துக்கு இந்த வழவழப்பான செவப்பு. சமையல்கட்டுக்குக் கட்டம் போட்டது. படிக்கு முன்னால போட, வரிவரியா மேடு இருக்கே, அந்தக் கல்லு. செவத்துல இடுப்பு உயரத்துல, பூ தூக்கலா இருக்கிற கல்லு ஒரு வரிசை."

"ஒரே மாதிரி போட்டாத்தான் அழகும்மா. பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுங்க. எனக்கு வேற வேறயாத்தான் வேணும்!"

பணக்கார வீட்டுப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டே தம்பையா கல்லை அனுப்பினார்.

பால் காய்ச்சும் அன்று அவரும் போயிருந்தார். சிவகாமசுந்தரி தன் கணவர் வடிவேலைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, கூடத்தின் நடுவே கையை விட்டாள்.

"போங்க. நான் சொன்னதெல்லாம் நெனவிருக்கில்ல? நான் வரமாட்டேன்."

அம்மை நோயில் இரண்டு கண்ணும் போன வடிவேல், வெறுங்காலால் தரையைத் தடவினார். சுவரின் பூக்களைத் தொட்டபடி நடந்தார்.

"கட்டம்! இது சமையல்கட்டு!" என்று கத்தினார். திரும்பிப் புழக்கடைப் பக்கம் போனவர் சட்டென்று நின்றார். "வரிவரியா இருக்கு. படி வருது!"

தானாகவே படியிறங்கி வெயிலில் நின்றார்.

"சிவகாமி, யாரும் புடிக்கலடி! நானேதான் வந்தேன்!"

தம்பையா எல்லோருக்கும் முன்னால் கை தட்டினார். மறுபடியும் முதலிலிருந்து நடந்துகாட்டக் கிளம்பிவிட்டார் வடிவேல். பார்க்க எல்லோரும் கூடத்துக்கு ஓடியதில், அடுப்பில் பால் பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை.