இரவல் செல்கள்

நாகர்கோவிலிலிருந்து தேவகுமார் ஒருவழியாகச் சென்னை ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியரைப் போனில் பிடித்துவிட்டார். போனை வைத்துவிடும்படி பக்கத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள் மனைவி ராகேல்.

"நொச்சிச்சாறு மார்பகப் புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும்னு போட்டிருக்கியளே, அந்தக் கட்டுரையைத் தூக்குங்க. டிஎன்ஏ சோதனை பண்ணியாச்சு. அது கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல்லாக்கும்."

"எப்படி சார் மாறும்?"

"உறைமோர் வாங்குத மாதிரி, ஆய்வுக்கு வளக்குத செல்லை அதை எழுதுனவன் பக்கத்து காலேஜ்ல இரவல் வாங்கியிருக்கான். எந்த வீட்டு மோருன்னு பாக்காண்டாமா?"

"அந்தக் கட்டுரையாலதான் அவர் துறைத்தலைவர் ஆகப்போறாராம். பாவம் சார்."

"ஆவாண்டாம்! இராஜாக்கமங்கலத்துல ஒருத்தி ஆஸ்பத்திரி மருந்தை விட்டுட்டு நொச்சிச்சாறு குடிக்கா. அவ பாவமில்லியா?"

"அவர் வழக்குப் போட்டா?"

"போடமாட்டான். கோர்ட்டு வாசலைக் கண்டாலே வேற தெரு வழியாப் போறவனாக்கும்."

"அவர்மேல உங்களுக்கு என்ன பகை?"

"பகையொண்ணும் இல்ல. பொறந்த நாள்ல இருந்தே தெரியும். அவசரக்காரப் பய."

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "சரி, புகார் கொடுப்பவர் பெயர்?"

"கட்டுரைக்கு மேல தேவகுமார்னு போட்டிருக்குல்லா? அதைப் பாத்தே எழுதிக்கிடுங்க."