பச்சை ஊர்ச் சம்பந்தி

சுகாதாரத் துறையின் வரைபடம் எல்லோர் கைபேசிக்கும் வந்த பிறகு, ஜாதகத்துக்கு முன்னால் ஊரின் நிறத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பதினெட்டு வயதுக்குள் கர்ப்பமான பெண்களும் எச்.ஐ.வி. உள்ளவர்களும் அதிகமாகப் பதிவான ஊர் சிவப்பு. ஒன்றிரண்டு பதிவானால் மஞ்சள். ஒரு பதிவும் இல்லாத ஊர் பச்சை.

கருவேலங்குளம் நல்ல சிவப்பு. அங்கே கிராம செவிலியர் குருவம்மாள் ஒருவரையும் சோதிக்காமல் விடமாட்டாள்.

அவள் மகள் இலக்கியாவைப் பெண் பார்க்க, பச்சை ஊரான நல்லாம்பட்டியிலிருந்து சொர்ணம் வந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா. கேசரியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு தங்கம்தான். ஊருதான் இப்படிச் செவந்து கெடக்கு" என்றாள்.

"ஒங்க ஊர்ல கடைசியா எப்ப மதினி சோதிச்சாங்க?" என்று கேட்டாள் குருவம்மாள்.

"நோய் இருக்குற ஊர்லதான சோதிக்கணும்?"

குருவம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேசரி வைத்தாள்.

கை கழுவும் சாக்கில் சொர்ணம் அடுப்படிக்குள் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "எங்க சின்னவளுக்குப் பதினாறு வயசு. நாள் தள்ளிப்போய் ரெண்டு மாசமாச்சு. யார்ட்ட கேக்குறதுன்னே தெரியல மதினி."

குருவம்மாளுக்குச் சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. புள்ளைய அடிச்சிராதீங்க."

"பதிஞ்சா எங்க ஊரு நெறம் மாறிடுமே?"

"மாறட்டும். புள்ள நல்லாருக்கணும்ல."

மறுநாள் முதல் பேருந்திலேயே சொர்ணம் மகளின் கையைப் பிடித்தபடி வந்து இறங்கினாள். மதியத்துக்குள் நல்லாம்பட்டி மஞ்சளாகிவிட்டது. சொர்ணம் அதைக் கைபேசியில் ஒரு கணம் பார்த்தாள். பிறகு குருவம்மாளைப் பார்த்து, "நிச்சயத்துக்கு நாள் குறிச்சிருவமா மதினி?" என்றாள்.