பத்து சதவீதக் கறுப்பு

பென் டிரைவில் ஒரே ஒரு படம்தான் இருந்தது.

திறந்தான். திரை முழுக்க அவனுடைய அப்பா.

"நேத்து சாயங்காலம் தவறிட்டாரு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடணும். சீக்கிரம்."

அவன் மவுஸை விடவில்லை.

வந்திருந்தவர்கள் இரண்டு பேர். பேசிய பெரியவர், அப்பாவின் முதல் மனைவிக்கு அண்ணன். பின்னால் நின்றவர் சந்திரபோஸ், அப்பாவின் மூத்த மகன். அப்பாவின் செல்போனில் இருந்த கல்யாணப் படங்களில் இருவரையும் பார்த்திருக்கிறான்.

அவர்கள் அவனைப் பார்த்ததில்லை. ஊரின் இந்தக் கோடியில் அப்பாவுக்கு இன்னொரு வீடும் அதில் ஒரு மகனும் உண்டு என்பதும் அவன் பெயரும் மட்டும் அவர்களுக்கு அரசல்புரசலாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமைதோறும் வருகிறவர் போன வெள்ளி வரவில்லை. மழை என்று அம்மா சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் தெருவிலேயே இரண்டு போஸ்டர் கடைகள் உண்டு. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி அவன் கடைக்கு ஏன் வந்தார்கள்? யோசிக்க நேரமில்லை.

பெரியவர் சொல்லச் சொல்ல அடித்தான்.

எல். தவமணி. இறுதி ஊர்வலம் இன்று மாலை நான்கு மணிக்கு. மனைவி. மகன்கள். மருமகள்கள். பேரன், பேத்திகள்.

"மகன்கள் ரெண்டே பேருதான்" என்றார் பெரியவர். "சந்திரபோசு, ராஜபோசு. பரிதின்னு ஒருத்தன் வந்து, என் பேரையும் சேருன்னு நிப்பான். சேத்துறாத. ஊரே படிக்கிற சுவரு."

"சரிங்க" என்றான் பரிதி.

ஆத்திரமாக இருந்தது. பெற்ற அப்பன் செத்த செய்தி ஆர்டராகவா வரவேண்டும்?

அவன் சென்னையில் டிசைன் படித்தவன். முதல் வருடம் முழுக்கக் கட்டம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இடம். இடம் இல்லாததற்குத் தாளில் வேலை இல்லை.

இரண்டாம் வருடம் அந்தக் கட்டத்தை உடைத்தவர்களைக் காட்டினார்கள். எங்கோ சுவிட்சர்லாந்தில், கலிஃபோர்னியாவில். எழுத்தின் மேல் எழுத்தைப் போட்டார்கள். கிழித்து ஒட்டினார்கள். ஓர் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படமாகவே ஆக்கினார்கள். வாசிக்க முடிகிறதா என்ற கவலையே அவர்களுக்கு இல்லை.

அவனுக்கு அதில் கிறுக்கே பிடித்தது. ஊருக்குத் திரும்பிக் கடை போட்டான். யாரும் வந்து அந்தப் பின்நவீனத்துவத்தைக் கேட்கவில்லை. ரோஜாப்பூ கேட்டார்கள். புறா கேட்டார்கள். இரண்டு பக்கமும் விளக்கு எரியச் சொன்னார்கள்.

அப்பாவுக்கும் இரண்டு பக்கமும் விளக்கு வைத்தான்.

பெரியவருக்குப் போன் வந்தது. வெளியே திரும்பி நின்று ஐஸ் பெட்டிக்காரனைத் திட்டத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் அவன் தன் பெயரை அடித்தான்.

பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். எழுத்துகள் போஸ்டரின் ஓரங்களைத் தாண்டி வெளியே போயின. ப-வின் ஒரு சுவர், ரி-யின் ஒரு கொக்கி, தி-யின் ஒரு வளைவு மட்டும் உள்ளே மிஞ்சின. லேசாகச் சாய்த்தான். பத்து சதவீதக் கறுப்பு. அப்பாவின் முகத்துக்குப் பின்னால் தள்ளினான்.

சுவரில் ஈரம் படிந்ததுபோல் இருந்தது.

பெரியவர் போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னப்பா இது, பின்னாடி கோணல்மாணலா?"

"டிசைன்ங்க."

"எழுத்து மாதிரில்ல தெரியுது?"

அழிக்கும் பொத்தானின் மேல்தான் அவன் விரல் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

தட்டவில்லை.

சந்திரபோஸ் திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்தார். வாசலில் போய் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று சுவரைப் பார்க்கிறவர்போல, வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவனைப் பார்த்தார்.

இப்போது சட்டையைப் பிடிப்பார் என்று அவன் நினைத்தான்.

"டிசைன்னுதான சொல்றாப்ல. இருக்கட்டும் மாமா."

உள்ளே வந்து அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ரொம்ப மங்கலா இருக்கு. கொஞ்சம் கறுப்பா வை."

இருபது வைத்தான்.

"இன்னும்."

முப்பது.

"ம்."

பெரியவர் சலித்துக்கொண்டே வண்டியைத் திருப்பப் போனார். பிரிண்டர் ஓடத் தொடங்கியது. அப்பா வந்து வந்து தட்டில் விழுந்தார். ஒவ்வொரு தாளிலும் அவருக்குப் பின்னால் அவன் இருந்தான்.

சந்திரபோஸ் போஸ்டர் கட்டை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது நிமிராமல் சொன்னார்.

"நாலு மணிக்கு எடுக்குறோம்."

நேரம் போஸ்டரிலேயே இருந்தது. அதை அடித்ததே அவன்தான்.